இழந்த சொல்லைத் தேடியவர்

மூளைக்குச் செல்லும் இரத்தம் ஓரிடத்தில் அடைபட்டாலோ, இரத்தக் குழாய் வெடித்து உள்ளே கசிந்தாலோ, சில நிமிடங்களுக்குள் அவ்விடத்து நரம்புக் கலங்கள் மடியத் தொடங்குகின்றன. பாரிசவாதம் என்று நாம் சொல்லும் நோய் இதுவே. கை சோர்ந்து விழுகிறது, கால் இழுபடுகிறது, சிலருக்கு வாய்ச்சொல்லே இல்லாமற் போகிறது. தோலிற் பட்ட காயம் புதுத் தோல் வளர்ந்து மூடுவதுபோல, மடிந்த மூளைக் கலங்கள் மீண்டும் முளைத்து அந்த இடத்தை நிரப்புவதில்லை. அவ்வாறாயின், விழுந்தவர்களுட் பலர் சில மாதங்களில் மெல்ல எழுந்து நடப்பதும், குழறிக் குழறிப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லத் தொடங்குவதும் எங்ஙனம்? அழிந்த இடம் அழிந்தபடியே கிடக்க, மீண்டு வருவது எங்கிருந்து வருகிறது?

இந்த வினாவோடு தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரைப் பற்றி எழுத முற்படுகிறேன். அலெக்ஸாந்தர் ரொமானொவிச் லூரியா என்பது அவர் பெயர். ஆசிரிய கலாசாலைகளிற் பயின்றவர்கள் வைகொட்ஸ்கியை நன்கு அறிவர். அவருடைய தோழர் என்ற அளவில் லூரியாவின் பெயரும் ஏதேனும் ஓர் அடிக்குறிப்பில் அவர்கள் கண்ணிற் பட்டிருக்கக்கூடும். அடிக்குறிப்போடு நின்றுவிடத் தக்க பெயரன்று அது என்பது என் துணிபு.

வொல்கா நதி தீரத்திலுள்ள கஸான் நகரில் 1902 ஆம் ஆண்டு யூலை மாதம் ஒரு யூதக் குடும்பத்தில் லூரியா பிறந்தார். தந்தையார் ரொமான் லூரியா பெயர்பெற்ற வைத்தியர். தாயார் பல் வைத்தியர். ருஷ்யப் புரட்சி எழுந்தபோது பையனுக்குப் பதினைந்து வயது. பழைய கல்விமுறை குலைந்து புதியது நிலைபெறாத அந்த ஆண்டுகளில், மாணவர்கள் தாமே படித்து, தாமே சங்கங்கள் அமைத்து, தாமே பேராசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் அளவுக்குத் துணிந்திருந்தனர். கஸான் பல்கலைக்கழகத்தில் 1921 இற் பட்டம் பெற்ற லூரியா, அடுத்த ஆண்டிலேயே அந்நகரில் உளப்பகுப்புச் சங்கம் ஒன்றை நிறுவி வியன்னாவிலிருந்த புரொய்டுக்குக் கடிதம் எழுதினார். அம் மூதறிஞரிடமிருந்து பதிலும் வந்தது. இருபது வயதில் ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

தந்தையாரின் ஆசையோ மகன் வைத்தியனாக வேண்டும் என்பது. அவ்விருப்பத்துக்கிணங்கி மருத்துவக் கல்வியைத் தொடங்கிய மகன், 1923 இல் மொஸ்கோ உளவியல் நிறுவகத்திலிருந்து அழைப்பு வந்ததும் அதனை இடைநடுவே விட்டுச் சென்றார். தந்தையாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். வைத்தியன் வெளியிலிருந்து காணும் நோய் ஒன்று, நோயாளி உள்ளிருந்து உணரும் நோய் வேறொன்று, இரண்டாவதை அறியாதவன் முதலாவதை முற்ற அறிந்தவனாகான் என்ற கொள்கையை விரித்து 1930 களில் அவர் ஒரு நூல் எழுதினார். மகன் மருத்துவத்தை விட்டுப் போனாலும் தந்தையின் இந்தக் கொள்கையை விட்டுப் போகவில்லை என்பது பின்னரே புலனாயிற்று.

1924 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பெத்ரோகிராட் நகரில் உளவியல், நரம்பியல் அறிஞர் மகாநாடு ஒன்று கூடியது. கொமெல் என்ற சிறு பட்டினத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியர் அங்கே எழுந்து பேசினார். அவர்தாம் வைகொட்ஸ்கி, அப்போது வயது இருபத்தேழு. அந்த ஒரு பேச்சு லூரியாவை ஆட்கொண்டுவிட்டது. வைகொட்ஸ்கியை மொஸ்கோவுக்கு அழைப்பிப்பதில் முன்னின்றவரும் அவரே. அதே சனவரியில், மொஸ்கோவுக்கு அயலிலுள்ள கோர்க்கிக் கிராமத்தில், சோவியத் நாட்டின் தலைவர் லெனின் வாய் பேச இயலாதவராய்க் கிடந்தார். மூன்று முறை பாரிசவாதம் தாக்கி, வலக்கையும் சொல்லும் இழந்து, மனைவி குருப்ஸ்காயாவின் துணையோடு சொற்களை ஒவ்வொன்றாய் மீட்கவும் இடக்கையால் எழுதவும் முயன்றுகொண்டிருந்த அவர், அம்மாதம் 21 ஆந் திகதி மறைந்தார். நாட்டின் முதல் மனிதருக்கே வந்த நோய். அதற்கு மருத்துவம் செய்யக்கூடியதோ மிகச் சிறிது.

வைகொட்ஸ்கி, லூரியா, லெயொந்தியேவ் என்னும் மூவரும் சேர்ந்து வளர்த்த கொள்கையை நம் ஆசிரியர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. குழந்தை முதலில் விரல்விட்டு எண்ணுகிறது. பின்னர் வாய்விட்டு எண்ணுகிறது. அதன்பின்னரே மனத்துள் எண்ணுகிறது. நினைவுக்குத் துணியில் முடிச்சிடுகிறோம். உயர்ந்த உளத்தொழில் யாவும் புறத்தே ஒரு துணையைப் பற்றிக்கொண்டு தொடங்கி அகத்தே சென்று படிகின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. இதிலிருந்து இன்னொரு முடிவும் பெறப்படும். அகத்தே படிந்தது நோயினாற் சிதைந்துபோனால், அதனைப் புறத்தே கொண்டுவந்து மீண்டும் ஒரு துணையைப் பற்றச் செய்யலாமன்றோ?

இதனைச் சோதித்துப் பார்க்க அவர்கள் தெரிந்தெடுத்தவர்கள் பார்க்கின்ஸன் நோயாளர்கள். நடுக்கமும் இறுக்கமும் உடைய இந்நோயாளர் சமதரையிற் சில அடிகள் வைத்ததும் உறைந்து நின்றுவிடுவர். ஆனால் அதே மனிதர் படிக்கட்டில் ஏறுவர்! காரணம் என்ன? சமதரையில் நடப்பது தானாக நிகழும் செயல். அதனைத் தாங்கும் மூளையின் அடித்தளம் இந்நோயிற் பழுதடைந்துள்ளது. படியேறும்போதோ ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஒரு குறியாக நின்று அடுத்த அடியை அழைக்கிறது. அதற்கு மூளையின் மேற்பரப்புப் போதும். ஆகவே தரையிற் சிறு கடதாசித் துண்டுகளை அடிக்கொன்றாகப் பரப்பி, அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கும்படி சொன்னார்கள். உறைந்து நின்றவர் அறையைக் கடந்து போனார். இன்னொரு நோயாளியிடம் இறப்பர்க் குமிழ் ஒன்றைக் கொடுத்து இடைவிடாமல் அழுத்தச் சொன்னபோது அரை நிமிடத்துக்குள் கை இறுகிவிட்டது. சிவப்பு நட்சத்திரத்துக்கு எத்தனை முனை, மோட்டார்க் காருக்கு எத்தனை சில்லு என்று கேட்டு, விடையைக் குமிழின் அழுத்தத்தாற் சொல்லச் செய்தபோது அதே கை ஐந்து முறையும் நான்கு முறையும் தடையின்றி அழுத்தியது. தசை அதே தசை. செயலின் பொருள் மாறியது; பொருள் மாறவே அது மூளையில் வேறொரு வழியாற் சென்றது.

சிறு சோதனைதான். ஆயினும் லூரியாவின் பிற்கால வேலையனைத்துக்கும் வித்து இதுவே என்று நான் கருதுகிறேன். இன்றும் இயக்கச் சிகிச்சையாளர்கள் பார்க்கின்ஸன் நோயாளருக்குத் தரையிற் கோடுகள் இட்டு நடை பழக்குகிறார்கள்.

1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்று எழுத்தறியா மக்களின் சிந்தனை முறையை ஆராய்ந்ததும், அவ்வாராய்ச்சி ஆட்சியாளரின் ஐயத்துக்கு ஆளாகி நாற்பதாண்டுக்கு மேல் அச்சேறாது கிடந்ததும் தனியே எழுதவேண்டிய கதை. 1934 யூனில் வைகொட்ஸ்கி காசநோயால் முப்பத்தேழு வயதில் மறைந்தார். 1936 இற் பிறந்த அரச ஆணை, பிள்ளைகளின் உளத்தை அளந்து ஆராயும் துறையையே தடைசெய்தது. வைகொட்ஸ்கியின் எழுத்துக்கள் மறைவிடம் தேடின. உளவியலாளனாக உயிர் வாழ்வதே கடினமான அந்நாளில், பிறநாடுகளிலும் பெயர் அறியப்பட்ட நூலாசிரியராகிய லூரியா, இளம் மாணவர்களோடு வாங்கில் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து மருத்துவம் படித்தார். 1937 இல் வைத்தியராக வெளிவந்து, நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் புர்தென்கோவின் நிறுவகத்திற் சாதாரணப் பயிற்சி வைத்தியராகச் சேர்ந்தார். அவ்விரு ஆண்டுகளும் தம் வாழ்நாளின் இனிய காலங்களுள் ஒன்று என்று பின்னாளில் நினைவு கூர்ந்தார். தந்தையாரின் ஆசையும் ஒருவாறு நிறைவேறியது.

1941 யூன் 22 இல் ஜெர்மனியர் படையெடுத்தனர். முதல் மாதங்களிலேயே தலையிற் குண்டு பட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வரலாயினர். சத்திரசிகிச்சை அவர்களுடைய உயிரைக் காத்தது. உயிர் தப்பியவனுக்குப் பேச வராது. பேச வந்தவனுக்கு எழுத வராது. எழுத வந்தவன் தன் கையை எங்கே வைத்தானென அறியான். இவர்களை மீண்டும் மனிதரிடையே வாழவைக்கும் பொறுப்பு லூரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தெற்கு யூரல் மலைப்பகுதியில், செல்யாபின்ஸ்க் நகருக்கு அண்மையில், கிஸெகாச் என்ற சிற்றூரில் இருந்த சுகவாச நிலையமொன்றை 400 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையாக மாற்றினார். சிகிச்சை அறைகளும் பயிற்சி அறைகளும் தொழிற்கூடங்களும் எழுந்தன. மருந்தைவிட ஆசிரியர் கூடுதலாக இருந்த வைத்தியசாலை அது என்றால் மிகையாகாது.

அங்கே அவர் எதிர்நோக்கிய அறிவுச் சிக்கலைச் சற்று விளக்கவேண்டும். 1861 இல் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் புரோக்கா, பேச்சிழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்புற முன்மூளையின் ஒரு சிறுபகுதி சிதைந்திருக்கக் கண்டார். அதுமுதல், பேச்சுக்கு ஓரிடம், பொருளுணர்வுக்கு ஓரிடம், எழுத்துக்கு ஓரிடம் என்று மூளையைப் பங்குபோட்டுக் கொடுக்கும் வழக்கம் ஓங்கியது. இக்கொள்கை உண்மையாயின் இடம் அழிந்தவன் தொழிலை மீட்கவே முடியாது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்கரான லாஷ்லி எலிகளின் மூளையை வெட்டி ஆராய்ந்து, எங்கே வெட்டினோம் என்பதைவிட எவ்வளவு வெட்டினோம் என்பதே முக்கியம் என்று 1929 இல் எழுதினார். இது முற்றும் உண்மையாயின் எவனுக்கு எது போயிற்று என்று நுணுகிப் பார்ப்பதற்கே பயனில்லை. லூரியா இரண்டையும் ஏற்கவில்லை. பேசுதல், வாசித்தல், எண்ணுதல் ஆகிய ஒவ்வொன்றும் மூளையின் பல பகுதிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுத்தொழில்; ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய ஒரு பங்கைச் செலுத்துகிறது; ஒரு பகுதி அழிந்தால் அதன் பங்குமட்டும் போகிறது, ஆனால் கூட்டுத்தொழில் முழுவதும் தடுமாறுகிறது என்பது அவர் கண்ட விடை. மூச்சு விடுதலை அவர் உதாரணமாகக் காட்டுவதுண்டு. மூச்சுக்கு முக்கிய தசை செயலிழந்தால் விலா இடைத் தசைகள் அத்தொழிலை ஏற்கும். தொழில் மாறாது, தொழிலாளர் மாறுவர். எங்கள் ஊர் வழக்கிற் சொல்வதானால், பெருந்தெருவிற் பாலம் உடைந்தால் ஒழுங்கைகளாற் சுற்றிப் போய்ச் சந்தையை அடைகிறோம். பாலம் எங்கே உடைந்தது என்று அறிந்தாலன்றி எந்த ஒழுங்கையால் திரும்புவது என்று தெரியாது. ஆகவே நோயைப் பகுத்தறிதல் சிகிச்சையின் முதற்படியாயிற்று.

சில தொழில்கள் அழியாமல் அதிர்ச்சியால் உறங்கிக் கிடக்கும். அவற்றைத் தட்டியெழுப்ப மருந்தும் ஊக்கமும் உதவின. உண்மையில் அழிந்துபோனவற்றுக்கே சுற்றுவழி வேண்டியிருந்தது. பகர ஒலியை எழுப்ப இயலாதவன் ஒருவன். இதழ் இரண்டும் சேரப் பகரமும் மகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறியதை நாம் மனனம் பண்ணியிருக்கிறோம். ஆனால் அந்த இதழ்களுக்கு ஆணையிடும் உணர்வு இவனுக்கு இல்லை. இதழைச் சேர் என்றால் அவனால் முடியாது. சுடரை ஊதி அணை என்றால் முடியும். ஊதும்போது இதழ்கள் தாமாகவே சேர்ந்து விரிகின்றன. அந்த ஊதலைக் கண்ணாடியிற் பார்த்து, கையால் உணர்ந்து, மெல்ல மெல்ல அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பான். கண்ணால் எழுத்தை அடையாளங் காண இயலாதவன் விரலால் அதன் வரிவடிவைத் தடவி வாசிக்கப் பழகுவான். தனிச்சொற்கள் தெரிந்தும் அவற்றைக் கோத்து வாக்கியமாக்க இயலாதவர்களுக்கென அவரும் அவர் மாணவி ஸ்வெத்கோவாவும் பின்னாளில் கையாண்ட உபாயம் என்னை மிகவும் கவர்ந்தது. வெறுங்கடதாசித் துண்டுகள் மூன்றை நோயாளியின் முன் வரிசையாக வைப்பர். அவற்றில் எதுவும் எழுதப்பட்டிராது. ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு போகையில், ஒரு வாக்கியமும் சொல்ல இயலாதிருந்தவர் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என மூன்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவார். இழந்தது சொல் அன்று, சொற்களை நிறுத்தும் வரிசையே என்பது இதனால் தெளிவாயிற்று. அந்த வரிசையை மேசைமேல் வைத்துக் கொடுத்தார்கள்.

அக்காலத்தில் லெயொந்தியேவும் ஸாப்பரோஷெத்ஸும் வேறொரு வைத்தியசாலையிற் கையிற் காயம்பட்ட போர்வீரர்களை ஆராய்ந்தனர். கையை இயன்றவரை உயர்த்தும்படி சொன்னால் ஓரளவுதான் உயரும். மேலே ஒரு புள்ளியைக் காட்டி அதனைத் தொடச் சொன்னால் இன்னும் சற்று உயரும். ஒரு பொருளைத் தூக்கிவைத்து அதனை எடுக்கச் சொன்னால் எல்லாவற்றிலும் அதிகமாக உயரும். பாரிசவாதத்தால் விழுந்தவரின் கையை வெறுமனே மடக்கி நீட்டுவதோடு நில்லாது, கோப்பையை எடுக்கவும் பொத்தானைப் பூட்டவும் பழக்கும் இன்றைய முறைக்கு இவ்வாராய்ச்சி ஓர் முன்னோடி.

1943 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஸசெட்ஸ்கி என்ற இளைஞர் லூரியாவிடம் வந்தார். வயது இருபத்துமூன்று. பொறியியல் மாணவராயிருந்து போருக்குப் போனவர். அவ்வாண்டு மார்ச் மாதம் ஸ்மொலென்ஸ்க் போர்முனையில் ஒரு குண்டு தலையின் இடப்புறப் பின்பகுதியைத் துளைத்திருந்தது. உலகத்தின் வலப்பாதி அவர் கண்ணுக்கு இல்லை. தம் கால் எங்கேயென்று தேடுவார். எழுத்துக்கள் அந்நியமாயின. தந்தையின் சகோதரன், சகோதரனின் தந்தை என்ற இரு தொடர்களுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டால் திகைத்துப்போவார். ஒவ்வொரு சொல்லும் விளங்கும். சொற்களின் உறவு விளங்காது. இலக்கணம் கற்பிக்கும் நாம் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். வேற்றுமையுருபு இடம் மாறினாற் பொருள் தலைகீழாகும் தொடர்கள் நம் மொழியிலும் எத்தனை! அவற்றை ஒருநொடியில் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் மூளையின் ஒரு மூலையில் இத்துணை மெல்லிய இழையாகத் தொங்குகிறது என்பதை வகுப்பறையில் நாம் நினைப்பதேயில்லை.

எழுத்துக்களை ஒவ்வொன்றாய் நினைவுகூர்ந்து எழுத முயன்று ஸசெட்ஸ்கி மாதக்கணக்காய்த் தோற்றார். பின்னர் ஒருநாள், எழுத்துக்களை எண்ணாமல், பென்சிலைக் கடதாசியிலிருந்து எடுக்காமல், ஒரு சொல்லை ஒரே இழுப்பில் எழுதும்படி சொல்லப்பட்டது. இரத்தம் என்று பொருள்படும் ருஷ்யச் சொல்லை அவர் கை எழுதிவிட்டது. கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. எழுதியதைத் தாமே வாசிக்க இயலாத அந்த மனிதர், ஒரு நாளைக்கு அரைப்பக்கம், ஒரு பக்கம் என்று, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் 3,000 பக்கம் வரை தம் கதையை எழுதினார். அந்தக் குறிப்புகளோடு தம் விளக்கங்களையும் இடையிடையே கோத்து லூரியா 1971 இல் நூலாக வெளியிட்டார். நோயாளி உள்ளிருந்து காணும் நோய் என்று தந்தையார் சொன்னது மகனின் கையில் இவ்வாறு ஒரு நூலுருப் பெற்றது.

இதனை ஓர் அற்புதக் கதையாக்கி எழுதுவோர் உளர், அது தவறு. ஸசெட்ஸ்கி மீண்டும் பொறியியல் படிக்கவில்லை. கால் நூற்றாண்டின் பின்னும் உரையாடலைத் தொடர்ந்து செல்ல அவர் இடர்ப்பட்டார். ஆனால் தமக்கு எது போயிற்று என்று அவருக்குத் தெரியும். அதனை எதிர்க்கும் உறுதியும் இருந்தது. நெற்றிப்புற மூளை தப்பியதே அதற்குக் காரணம் என்று லூரியா விளக்கினார். அப்பகுதி சிதைந்தவர்களையும் அவர் நிறையக் கண்டிருந்தார். நினைவு இருக்கும், பேச்சு இருக்கும், கணக்கும் வரலாம். ஆனால் ஒன்றை நினைத்து அதனை முடிக்கும் எண்ணம் இராது, தம் குறையைப் பற்றிய கவலையும் இராது. அவர்களிடத்தில் எந்தப் பயிற்சியும் எளிதில் வேரூன்றவில்லை. சுற்றுவழியால் நடக்கப்போகிறவன் நோயாளியே. வைத்தியர் வழியைக் காட்டலாமேயன்றி அவனுக்காக நடந்து கொடுக்க முடியாது.

யுத்த அனுபவங்களிலிருந்து 1947 இலும் 1948 இலும் இரண்டு பெருநூல்கள் வெளிவந்தன. முன்னையது காயத்தால் வரும் பேச்சிழப்பைப் பற்றியது. பின்னையது மூளைக்காயத்தின் பின் தொழில்கள் மீள்வதைப் பற்றியது. ஆனால் 1950 இல் பாவ்லோவின் பெயரால் அறிவியலைச் சுத்திகரிக்கக் கூடிய மகாநாட்டின் பின் லூரியா புர்தென்கோ நிறுவகத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. 1953 இன் தொடக்கத்தில் யூத வைத்தியர்கள்மீது பொய்ச் சதிக்குற்றம் சுமத்தப்பட்டபோது, எந்த இரவிலும் கைதாகலாம் என்று துணிப்பை ஒன்றை ஆயத்தமாகக் கட்டி வைத்திருந்தார். மார்ச்சில் ஸ்டாலின் மறைய ஆபத்து நீங்கியது. இக்காலத்தில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான நிறுவகமொன்றில், குழந்தையின் செயலைச் சொல் எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்று ஆராய்ந்தார். அதுவும் வீண்போகவில்லை. 1950 களின் இறுதியில் மீண்டும் தம் பழைய நோயாளரிடம் திரும்பினார்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் குண்டுக் காயங்கள். காயம் வேறு, பாரிசவாதம் வேறு. ஆயினும் சிதைந்த இடம் ஒன்றானால் இழப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பாரிசவாதத்தின் ஒரு வியப்பான தோற்றத்தை ஷெபாலின் என்ற இசையாசிரியரிடத்தில் லூரியா கண்டார். இருவரும் 1902 இற் பிறந்தவர்கள். மொஸ்கோ இசைக் கல்லூரியின் அதிபராயிருந்த ஷெபாலின், 1948 இல் இசைவாணர்கள்மீது வந்த கட்சிக் கண்டனத்தாற் பதவி இழந்தவர். 1953 இல் முதற்றடவை பாரிசவாதம் தாக்கியது. 1959 இல் மீண்டும் தாக்கியபோது சொல் பெரும்பாலும் போயிற்று. பிறர் சொல்வதை விளங்கவும், சொன்னதைத் திருப்பிச் சொல்லவும், பொருள்களுக்குப் பெயர் கூறவும் இடர்ப்பட்டார். ஆனால் மாணவர் கொண்டுவந்த இசையமைப்புகளைக் கேட்டுத் திருத்தினார். தாமும் புதியன இயற்றினார். அவருடைய ஐந்தாவது சிம்பொனி 1962 இல் நிறைவேறியது. அதனை ஷொஸ்தகோவிச் மனமாரப் பாராட்டினார். 1963 மே மாதம் ஷெபாலின் மறைந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, மொழியை விளங்கிக்கொள்ளும் இடப்புறப் பகுதி பெரிதும் சிதைந்திருந்தது. மொழிக்கும் இசைக்கும் ஒலியே மூலமாயினும் மூளையில் அவற்றின் வழிகள் வேறு என்று லூரியாவும் ஸ்வெத்கோவாவும் மற்றொரு சகாவும் 1965 இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது.

பேச்சிழந்தவரை அறிவிழந்தவராகக் கொள்வது நம்மிடையே பொதுவழக்கு. திண்ணையிற் சாய்மனைக் கதிரையில் இருத்திவிட்டு, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் படர்க்கையிற் பேசுகிறோம். சிம்பொனி இயற்றிக்கொண்டிருந்த ஷெபாலினையும் யாரோ அவ்வாறு பேசியிருக்கக்கூடும்.

லூரியாவின் ஆராய்ச்சியிற் குறைகளும் உண்டு. தனித்தனி நோயாளரை ஆழ்ந்து நோக்கிய அவர், பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் நிறையாக எடுத்து எண்ணிக்கையால் ஒப்பிடவில்லை. முதல் மாதங்களில் மூளை தானாகவும் ஓரளவு தேறும். அதையும் பயிற்சியின் பயனையும் பிரித்தறிவது எளிதன்று. அவருடைய போர்வீரர்கள் இருபது வயதினர். பாரிசவாதம் பெரும்பாலும் முதியோரை நாடி வருவது. இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் கூடவே வரும். பிற்காலத்தில் வேறொரு நெறியும் எழுந்தது. நல்ல கையை உறையிட்டுக் கட்டிவைத்து, சோர்ந்த கையையே வேலை செய்ய வற்புறுத்தும் அம்முறையை அமெரிக்காவில் 222 பாரிசவாத நோயாளரிடத்திற் சோதித்து, பயனுண்டு என்று 2006 இல் வெளியிட்டார்கள். சுற்றிப் போகாதே, பழைய தெருவையே திருத்து என்பது போலத் தோன்றும் இது லூரியாவுக்கு மறுப்பாகுமா? முற்றும் ஆகாது என்றே எனக்குப் படுகிறது. எந்தத் தெரு திருத்தத் தக்கது, எங்கே சுற்றத்தான் வேண்டும் என்று ஒவ்வொருவரிடத்தும் ஆராய்ந்து அறியவேண்டும் என்பதுதான் அவருடைய அடிப்படை. எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்பதை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை.

இறுதி ஆண்டுகளில் உலகப் புகழ் அவரைத் தேடி வந்தது. எதையும் மறக்க இயலாத ஒருவரைப் பற்றி 1968 இல் அவர் எழுதிய சிறுநூல் கதைபோற் படிக்கப்பட்டது. நோயாளரின் வாழ்க்கையை இலக்கியமாக எழுதலாம் என்ற துணிவை இங்கிலாந்திற் பிறந்த நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சாக்ஸ் அவரிடமிருந்தே பெற்றார். இருவருக்கும் 1973 முதற் கடிதத் தொடர்பு இருந்தது. 1977 ஓகஸ்ட் 14 இல் மொஸ்கோவில் லூரியா இதய நோயாற் காலமானார். அடுத்த சில மாதங்களில் மனைவியாரும் மறைந்தார். அவர் எழுதி வைத்திருந்த தன்வரலாறு 1979 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பதவி பறிபோனதும் துணிப்பை கட்டிவைத்ததும் அதில் இல்லை. அவற்றை நாம் அறிவது மற்றவர்கள் எழுதியதால். உறைந்து நின்ற நோயாளர் கடதாசித் துண்டுகளைத் தாண்டி நடந்ததையும், குமிழை எத்தனை முறை அழுத்தினார்கள் என்பதையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.